சொன்னால் போய்விடும்

அத்தை தேய்ப்பதற்கு எடுத்து வைத்திருந்த துணிகளில் அவன் மனைவியின் நீலச் சுடிதாரும் இருந்தது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தான் பெற்ற மகள் செத்து ஏழு மாதமாகியும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் துணிகளை எடுத்து, தண்ணீர் தெளித்து, தேய்த்து, மடித்து, நடைக்கோடியில் இருக்கும் அவளுடைய பழைய அறை அலமாரியில் திரும்ப அடுக்கி வைப்பது அத்தையின் வழக்கம். ஆனால் இன்றைக்கு, இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் துணியிலிருந்து எழுந்த ஆவியில் சோப்பு வாசனையும் இல்லை, அலமாரிக்குள் அடைந்து கிடந்த துணியின் புழுங்கல் வாசனையும் இல்லை. வியர்வை. ஒரு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு அலைந்துவிட்டுக் கழற்றிய துணியின் வாசனை. கழுத்துப் பட்டியின் உள்மடிப்பில் மெல்லிய அழுக்குக் கோடு ஒன்று ஓடியது.

அவன் அதைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அத்தை பார்த்தாள். கோட்டின் மேல் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

"என்ன மாப்பிள்ளை, மகாராணியைப் பல்லக்குலேர்ந்து இறக்க மாட்டீங்களா?"

மகாராணி, அவன் மகள், அவன் இடுப்பில் இருந்தாள். ஆறு வயது. பள்ளியில் வேறு பெயர், வீட்டில் மிளகு. அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவனுக்கு இப்போது ஞாபகமில்லை. அவளை சோஃபாவில் இறக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் உடனே முழங்கால்களை மடக்கிப் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் தரையில் கால் வைக்க மாட்டாள். தெருவில் நடப்பாள், மைதானத்தில் ஓடுவாள். கூரைக்குக் கீழே வந்துவிட்டால் தூக்க வேண்டும். வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறாள் என்று மிஸ் இரண்டு தடவை கூப்பிட்டு அனுப்பினார்கள். தானாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். இன்று காலை கட்டிலிலிருந்து மேஜைக்குத் தாவினாள். எட்டவில்லை. தாடையில் தோல் பிளந்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட முதலில் கட்டிலில் திரும்ப ஏறினாள். ஏறிய பிறகுதான் அழுதாள்.

அவன் பிளாஸ்திரி ஒட்டினான். கை நடுங்கவில்லை. நடுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"வாயாடிக்கு வாயிலேயே அடியா?" என்று அத்தை பேத்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். எதிர் நாற்காலியில் மாமா. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகள் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை விடாமல் அடித்தவர். அடுத்தவர் அழுகையை முகம் மாறாமல் கேட்டு ஒரு வாழ்நாள் பழகியவர் என்பதால் அவரிடம் எதையும் சொல்லலாம். சொல்பவர் நிறுத்தினால் "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். கேட்கும்போது அவர் விரல்கள் மேஜை விளிம்பில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். காகிதம் இருக்காது. மெஷின் இருக்காது.

மனைவி போன பிறகு அவன் முதல் தடவை இங்கே வந்த அன்று, அவர்தான் ஆரம்பித்தார். "அவளைப் பத்தி எங்களுக்குத் தெரியாதது ஏதாவது சொல்லுங்க மாப்பிள்ளை. ஞாபகங்க வீட்டுல சேரட்டும்." இருவரும் முதலில் சந்தித்த கதையைச் சொன்னான். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மறுபடி நினைத்துப் பார்த்தான். வரவில்லை. சொன்னது தெரியும், எதைச் சொன்னான் என்பது தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான். அடுத்த ஞாயிறும் போனான். அதற்கடுத்ததும்.

பயந்திருக்க வேண்டும். பயப்படுவதற்கும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். கைபேசியில் அவள் படங்களைப் பார்த்தால், ஊர் பேர் தெரியாத ஒருவர் வலியக் காட்டும் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல் மரியாதையாகத் தள்ளிக்கொண்டே போவான்.

அவன் வேலை காது பரிசோதிப்பது. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவான். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். அனுப்பாத ஒலிக்கும் சிலர் அழுத்துவார்கள். கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. அதனால் நடைக்கோடி அறையிலிருந்து முதல்முறை செருப்புச் சத்தம் வந்தபோது அதை அந்தக் கணக்கில் எழுதினான். அத்தைதான் தேநீரை வைத்துவிட்டுக் காதைச் சாய்த்தாள்.

"கேக்குதா மாப்பிள்ளை? நீங்க சொன்ன மாதிரியே. செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்குறா பாருங்க. எங்க வீட்டுல இருந்த வரைக்கும் இப்படி நடந்ததில்ல. எல்லாம் உங்க வீட்டுக்கு வந்து கத்துக்கிட்ட சோம்பேறித்தனம்."

அப்படிச் சொன்னதாக அவனுக்கு நினைவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஒரு இருமல் வந்தது. அலமாரிக் கதவின் கீல் முனகியது. ஒரு நாள் யாரோ மூக்கால் ஒரு மெட்டை இழுத்து, பாதியில் மறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எழுந்து போய்க் கதவைத் திறக்க அவனுக்குத் தோன்றவில்லை. "இன்னும் முழுசா ஆகலை, பாக்காதீங்க" என்று அத்தை ஒருமுறை சொன்னாள், அடுப்பில் வைத்த கேக்கைப் பற்றிச் சொல்வதுபோல.

குழந்தையை மட்டும் சொல்ல விட்டதில்லை. அவன் ஞாபகம், அவன் கொடுக்கிறான். அவள் ஞாபகம் அவளுடையது. அம்மா என்று அவளுக்கு மிஞ்சியிருப்பதே அவ்வளவுதான்.

ஆனால் தாடையில் அந்தப் பிளாஸ்திரி. அதன் ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

மனைவி செத்த அன்றைக்கு வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். ஆஸ்துமா என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அவன் பார்த்ததைப் போன ஞாயிறு மாமாவிடம் கொடுத்தாகிவிட்டது. என்ன பார்த்தான் என்று இப்போது தெரியாது. குழந்தை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் அவள் தரையில் இறங்குவதில்லை.

"மாமா, இன்னைக்கு இவ சொல்லட்டும்," என்றான்.

மாமாவின் விரல்கள் மேஜை விளிம்புக்கு வந்தன. "எதை?"

"அன்னைக்கு நடந்ததை. அது மட்டும். வேற எதுவும் கேக்கக் கூடாது."

அத்தை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அது எதுக்குங்க? நல்லது எவ்வளவோ இருக்கே. இவ்வளவு பாடுபட்டு… அதைப் போய் உள்ள இருக்குறவகிட்ட…"

"முழுசா இருக்கணும்," என்றார் மாமா. "கடைசிப் பக்கம் இல்லாத வாக்குமூலத்தை எந்த ஜட்ஜும் கையால தொட மாட்டாரு."

"ஆமா, இது கோர்ட்டு! நம்ம பொண்ணுங்க அது."

கோடி அறையில் செருப்பு இந்தப் பக்கம் தேய்ந்து, நின்று, அந்தப் பக்கம் தேய்ந்தது. சாயங்கால வெயில் நடையின் தரையில் பாதி தூரம் வரை வந்து நின்றிருந்தது. அதற்கப்பால் கதவும் அதன் கீழே ஒரு இருட்டுக் கோடும். குழந்தை சொல்வது எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்குப் புரிந்தது. சேர்ந்தால் அங்கே என்ன ஆகும் என்று யோசித்தான். யோசனை ஒரு நொடி நின்றது. பிறகு பிளாஸ்திரியைப் பார்த்தான்.

"தாத்தாகிட்ட சொல்லு மிளகு. சொன்னா போயிடும்."

"எங்க போகும்?"

"போயிடும்."

அவள் பாதங்களைக் கையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் மாமாவின் விரல்களையே பார்த்தாள்.

"முதலை ஆட்டம்," என்றாள்.

"அது என்ன ஆட்டம்?"

"தாத்தாவுக்கு அதுகூடத் தெரியாதா? தரை பூரா தண்ணி. கட்டில்தான் கரை. அம்மா முதலை. தொட்டுட்டா அவுட்."

"அப்புறம்?"

"அன்னைக்கு அம்மா சொல்லாமலேயே ஆரம்பிச்சிட்டாங்க. சமையலறையிலேர்ந்து வயித்தாலயே வந்தாங்க. வாயைத் திறந்து திறந்து மூடினாங்க. கீ… கீன்னு சத்தம். கண்ணைப் பெருசாக்கிட்டு. சூப்பரா பண்ணாங்க."

"அப்புறம்?"

"நான் கட்டில்ல ஏறிட்டேன். அம்மா கையை நீட்டினாங்க. எட்டலை. நான் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"போனு என் பக்கத்துல கிடந்துச்சு. அம்மா அதைக் காட்டினாங்க. குடு குடுன்னு காட்டினாங்க. ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன். முதலைக்கு எதுக்கு போனு?"

மாமாவின் விரல்கள் ஒரு தட்டைத் தவறவிட்டன.

"நான் குடுக்கலை தாத்தா. கையை நீட்டினா தொட்டுடுவாங்கல்ல."

அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். யாரும் அப்புறம் என்று கேட்கவில்லை. குழந்தை தானாகவே சொன்னாள்.

"அப்புறம் முதலை தூங்கிடுச்சு. ஆனா நான் இறங்கலை. எந்திரிச்சிடும்ல."

சுவர்க்கடிகாரத்தின் சத்தம். சூடு ஆறிக்கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டியின் டக் டக். குழந்தையின் நெற்றி மெல்ல விரிந்தது. ஏழு மாதமாக அங்கே ஒரு சுருக்கம் இருந்தது என்பதே அது போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். "நான் என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்றாள். பிறகு ஒரு காலை இறக்கினாள். இன்னொரு காலையும். தரை குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். விரல்களை விரித்து விரித்து மூடினாள். இரண்டடி நடந்தாள்.

அழ வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

கோடி அறையில் செருப்புச் சத்தம் நின்றது.

ஏதோ விழுந்தது. கனமானது. துணி சுற்றியது.

பிறகு அந்த ஒலி. கீ… மெல்லியது, உச்ச சுருதியில். அந்தச் சுருதி அவனுக்குத் தெரியும். வயதானவர்களின் காதிலிருந்து முதலில் போவது அதுதான். மாமாவுக்குக் கேட்கவில்லை. அவர் இன்னும் விரல்களை விளிம்பில் வைத்தபடி, "அப்புறம்?" என்றார்.

கீ…

அத்தைக்கும் கேட்கவில்லை. குழந்தைக்குக் கேட்டது. திரும்பி நடையைப் பார்த்தாள்.

கதவு அசைந்தது. அடியிலிருந்து, எதுவோ நெட்டித் தள்ளுவதுபோல. இருட்டுக் கோடு அகலமானது. தரையோடு தரையாக ஒரு கை வெளியே வந்தது. நகங்கள். மணிக்கட்டு. முழங்கை. அது தரையை அழுத்தி இழுத்தது. பின்னால் மீதி வந்தது.

வெயிலுக்குள் வந்தது.

முகத்தை நிமிர்த்தியது. வாய் திறந்தது. மூடியது. திறந்தது. காற்று உள்ளே போகவில்லை. உதடு நீலம். ஒரு பெண். அழகாகக்கூட இருந்திருக்கலாம். அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

"அம்மாடி," அத்தை முழங்காலில் விழுந்தாள். "வந்துட்டியாடி… வந்துட்டியா…"

அது அத்தையைப் பார்க்கவில்லை. அத்தையின் கையை உரசிக்கொண்டு தாண்டியது. வயிற்றால். கண் குழந்தையின் மேல்.

அன்றைக்கு எட்டவில்லை. அவன் அதைக் கேட்டிருக்கிறான். இப்போதுதான் கேட்டான். கட்டிலில் ஏறிய குழந்தை. ஏறியதால் எட்டவில்லை.

"மிளகு," என்றான். "சோஃபால ஏறு."

"ஏன்ப்பா?"

அவள் தரையில் நின்றாள். வெறுங்காலோடு. நிம்மதியாக.

"ஏறு."

"ஏன்?"

அவன் எழுந்தான். எழுந்ததாக நினைத்தான். கால்கள் நாற்காலிக்குக் கீழே அப்படியே இருந்தன. யாருடையவோ போல.

கீ…

கை நீண்டது. ஒரு சாண் குறைந்தது. நடுங்கியது.

"பாவம்ப்பா," என்றாள் மிளகு. "இந்த ஆன்ட்டிக்கு எட்டலை."

குனிந்தாள். கையை நீட்டினாள்.

விரல்கள் மூடின.

ஒலி நின்றது. தரையில் கிடந்ததன் முதுகு மெல்ல உயர்ந்தது. ஒரு மூச்சு. நீளமானது. நெஞ்சு நிறைய. வெளியே விட்டது. இன்னொன்று இழுத்தது. அத்தை சிரித்துக்கொண்டே அழுதாள். மாமாவின் விரல்கள் ஓய்ந்தன.

மிளகு அவன் பக்கம் திரும்பினாள். அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி வரவில்லை. காற்று உள்ளே போகவில்லை.