ஊஞ்சலைப் பார்த்த கேமரா

ஏணியைத் திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று கடுகின் அப்பா தெருவையே கூட்டிவிட்டார். கடைசியில் ஏணி மொட்டை மாடியில் கிடந்தது. மேலே ஏறியவர் ஏணியையும் மேலே இழுத்து வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். பிறகு எப்படிக் கீழே இறங்கினார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது.

"ஏணி கிடைச்சிடுச்சு, சரி. நாளைக்கு மாடியே காணாமப் போனா?" என்றார் அப்பா. நேரே கடைக்குப் போய் நான்கு கேமராக்கள் வாங்கி வந்தார். எல்லாம் ஒயர் இல்லாமல் வைஃபையில் ஓடுபவை. ஓர் எறும்பு சர்க்கரை தூக்கிக்கொண்டு போனால், அது சிரித்துக்கொண்டு போகிறதா, சலித்துக்கொண்டு போகிறதா என்பதுகூடப் போனில் தெரியுமாம்.

அப்பா ஸ்டூல்மேல் நின்று திருகாணி முடுக்கினார். கடுகு கீழே போனைப் பார்த்துக்கொண்டு, இப்போது வாசல் தெரிகிறது, இப்போது உங்கள் மூக்கு மட்டும் தெரிகிறது என்று சேதி சொன்னாள். வாசலுக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. நாலாவது பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். அதனால் நாலாவது கேமரா பெட்டிக்குள்ளேயே தூங்கப் போனது.

பாஸ்வேர்டை எப்படியும் மறந்துவிடுவோம் என்று அப்பாவுக்குத் தெரியும். உடனே தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்தார். கடுகின் அத்தை கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். சின்ன வயதிலிருந்தே அப்பா மறப்பதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்வது அத்தையின் வேலை. அப்பாவின் வாய்ப்பாட்டைக்கூட அத்தைதான் ஞாபகம் வைத்திருந்தாராம். பரீட்சையில்தான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது.

தோட்டத்துக் கேமராவுக்குத் தலை சுற்றும். அப்பா அதைப் பின்கதவைப் பார்க்க வைத்தார். மாலையில் பார்த்தால் அது கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தார். மறுநாளும் கொய்யா மரம்.

வீட்டில் வாலுத்தனம் எது நடந்தாலும் பழி கடுகின் தலையில்தான் விழும். அவள் சைக்கிளுக்குப் பூட்டு விழுந்தது. இன்னொரு தடவை திரும்பினால் கேமராவின் கழுத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடப்போவதாகவும் அப்பா சொல்லிவிட்டார்.

கடுகு வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு பின்படியில் போய் உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்ததும், 'கிர்ர்' என்று கேமரா தலையைத் திருப்பியது. கதவைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கொய்யா மரத்தில் போய் நின்றது. பக்கத்தில் ஈ, காக்காய் இல்லை. ஆனால் பச்சை விளக்கு எரிந்தது. யாராவது பார்த்தால்தான் அந்த விளக்கு எரியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் போன் சார்ஜில் கிடந்தது. பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர் யார்?

கடுகு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்பாவும் அத்தையும் சின்ன வயதில் சண்டை போட்டு ஆடிய ஊஞ்சலை, யாரும் ஆடுவதில்லை என்று சுருட்டிக் கிளையில் செருகி வைத்திருந்தார்கள். அவள் அதை இறக்கிவிட்டாள். பலகையைப் பாவாடையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, நீங்கதானே?"

கேமரா அத்தையின் குரலில் பேசியது.

"உங்க அப்பன்கிட்ட சொல்லிடாதே கடுகு. என் ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டு ஜன்னல்தான் தெரியுது. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி இந்த மரத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போவேன். கேமராவைத் திருப்பி வைக்கத்தான் மறந்துபோயிடுது."

ஒன்றையும் மறக்காத அத்தை மறந்த ஒரே விஷயம் அதுதான். சொன்னால் அத்தை கூச்சப்பட்டு வருவதையே நிறுத்திவிடுவார். சொல்லாவிட்டால் சைக்கிள் போச்சு, கேமராவின் கழுத்தும் போச்சு.

கடுகு உள்ளே போய் அப்பாவை எழுப்பினாள்.

"அப்பா, ஊஞ்சல் கீழே தொங்குது. நல்ல பலகை. யாராவது தூக்கிட்டுப் போனா?"

அப்பா எழுந்த வேகத்தில் போர்வையும் கூடவே தோட்டம்வரை வந்தது. இருட்டுவதற்குள் நாலாவது கேமரா ஊஞ்சலுக்கு நேரே சுவரில் உட்கார்ந்துவிட்டது.

அதன்பிறகு பின்கதவுக் கேமரா திரும்பவே இல்லை. தான் அதட்டியதில்தான் அது திருந்தியது என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். சைக்கிள் பூட்டையும் திறந்துவிட்டார். சாவி கிடைக்க இரண்டு நாள் ஆனது, அவ்வளவுதான்.

ஒருநாள் மாலை கடுகு சைக்கிளில் வீடு திரும்பியபோது, தோட்டத்தில் அப்பா தனியாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், காலை உந்தி மெதுவாக ஆடினார். பச்சை விளக்கு எரிந்தது.

"டேய், எவ்வளவு நேரம்டா? இறங்கு. இப்ப என் முறை."

அப்பா திடுக்கிட்டு இறங்கிவிட்டார். கேமராவைப் பார்த்தார்.

பிறகு, காலி ஊஞ்சலைப் பிடித்து இழுத்து, மெல்லத் தள்ளிவிட்டார்.