சாம்பல் இல்லாத தரை

வில்லன் சாகும் காட்சியை மூன்றாவது முறை ஓட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தரையில் சாம்பல் இல்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படம். இரத்தம் குடிக்கும் ஒரு பிரபு, கடைசி ரீலில் கதாநாயகி திரைச்சீலையைக் கிழித்ததும் வெயில் பட்டுச் சாம்பலாக உதிர்ந்துபோவான். அந்தச் சாவுக்காகவே பேர் வாங்கிய படம். படச்சுருளில் படிந்த தூசியையும் கீறலையும் கணினியில் கட்டம் கட்டமாகத் துடைப்பது அவள் வேலை. பக்கத்து அறையில் மகள் காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் கண் இங்கேயும் காது அங்கேயும், இரண்டிலும் அரைகுறை. தூசியோடு தூசியாக அவன் சாம்பலையும் துடைத்துவிட்டிருந்தாள்.

ஒலியைச் சரிசெய்பவர் போனில் சிரித்தார். "என்னம்மா இது, அலறல் இருக்கு, சாக ஆளக் காணோம்! ஆசாமிக்கு நீயே உயிர்ப்பிச்சை போட்டுட்டியா?"

"பாப்பாவுக்கு உடம்பு சரியில்லண்ணே. இப்பவே பழையபடி ஆக்கிடறேன்."

கை வைக்காத அசல் பிரதியைத் திறந்தாள். அதிலும் சாம்பல் இல்லை. வெயில் விழுந்த வெறும் தரை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் அவனும் இல்லை. கணினியின் மெல்லிய இரைச்சலுக்கு அடியில், மூடிய ஜன்னல்களுக்குள் தேங்கிய மதிய வெக்கையில், ஈரமண்ணும் மக்கிய துணியும் கலந்த ஒரு வாடை கதவிடுக்கு வழியாக மெதுவாக ஊர்ந்து வந்து அவள் பிடரிக்குப் பின்னால் நின்றது.

அனத்தல் நின்றிருந்தது.

எப்போதிலிருந்து?

ஓடினாள். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்று மகள் சொன்னதால் அந்த அறையும் இருட்டு. தடவித் தடவி நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சுடா கண்ணு!"

"அந்த மாமாதாம்மா சூட்டையெல்லாம் எடுத்துட்டாரு."

"எந்த மாமா?"

"போயிட்டாரு. இப்ப நல்லாயிருக்காராம்."

முகத்தைப் பார்க்க வேண்டும். இப்போதே. ஜன்னலை விரியத் திறந்தாள்.

மகள் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். வெயில் அந்தக் கையில் விழுந்தது. சுண்டுவிரல் சத்தமில்லாமல் உதிர்ந்தது. பிறகு மோதிரவிரல்.

"கூசுதும்மா," என்று சிரித்தாள் குழந்தை.