பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் வயர்

மீட்டரின் முள் அசைந்திருக்கக் கூடாது.

கிருஷ்ணராஜ் மீட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அதன் இரண்டு முனைகளையும் மறுபடி வயரில் வைத்தான். பழைய தோட்டத்து ஆபீசின் ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை இருக்கிறது. மேசைமேல் இருக்கும் பழைய இன்டர்கொம் பெட்டியிலிருந்து அதன் வழியாக வெளியேறும் அந்த இரட்டை வயர், தேயிலைக்கு மேலாகக் கம்பம் கம்பமாக இறங்கி, பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறது. போனது என்றுதான் சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்தக் கட்டடத்தை, ஏழு வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மத்தியானம், மலை சரிந்து மூடிவிட்டது. அறுந்த வயரில் முள் அசையாது. இதிலோ முள் எழுந்து, மறுமுனையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தால் எங்கே நிற்குமோ அங்கே போய் நின்றது. நின்ற பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஈரம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மண்ணுக்குள் கிடக்கும் வயரில் ஈரம் ஏறினால் முள் எதையாவது காட்டத்தான் செய்யும். பதுளை பஜாரில் இத்தனை வருஷமாக ரேடியோவும் டீவியும் பிரித்துப் போடுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நடுக்கத்துக்குத்தான் அவனிடம் காரணம் இல்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தால் முள் அப்படி நடுங்கும். அந்த நினைப்பை அவன் ஓரமாகத் தள்ளி வைத்தான்.

மணி நாலுகூட ஆகவில்லை, மடுல்சீமை மலைகளில் அதற்குள் இருட்டிவிட்டது. மழையும் பனியும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. இந்த ஆபீசை மூடிப் பூட்டி வருஷக்கணக்காகிறது. காவல் பார்க்கும் மச்சான் தம்பையாவுக்காக ஒரே ஒரு பல்புக்கு மட்டும் கரண்ட் விட்டிருந்தார்கள். "அந்தப் பொட்டியில என்னங்க இருக்கு, மச்சான்? எலி குடும்பம் நடத்துது," என்று சிரித்தபடிதான் தம்பையா சாவியைக் கொடுத்தார். "சும்மா பாக்கப் போறேன்," என்று இவன் சொன்னான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டியும் சும்மா ஊதிப் பார்க்கத்தான் எடுத்திருப்பான்.

நாளைக் காலையில் சரிவின் விளிம்பில் பால் ஊற்றப்போகிறார்கள், எட்டு மாதக் குழந்தையாகப் போன அவன் மகள் தனுஜாவுக்கு. மற்றப் பிள்ளைகள் எல்லாம் கிடைத்தார்கள். தனுஜாவும் ஆயா கருப்பம்மாவும் கிடைக்கவில்லை. இனித் தோண்டினால் மிச்ச மலையும் வரும் என்று மீட்புக்கு வந்த ஆமிக்காரர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். "கண்ணால பாக்காத சாவுக்கு நான் பால் ஊத்த மாட்டேன்" என்று இத்தனை காலமும் ஒற்றைக்காலில் நின்ற அவன் மனைவி பாக்கியலெட்சுமி, போன மாதம் தானாகவே சொன்னாள்: "ஊத்திருவோங்க. என்னால முடியல. இனியாவது நாம ரெண்டு பேரும் மனுசரா இருப்போம்." அதைக் கேட்டு அவன் குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அவளைச் சம்மதிக்கச் சொல்லி ஏழு வருஷம் கெஞ்சியவன் அவன்தான். அவள் சம்மதித்த பிறகு இவனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரே ஒரு தடவை அந்த வயரில் காதை வைத்து, அங்கே ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட வேண்டும். கேட்டுவிட்டால் நாளை பால் செம்பைக் கையில் எடுக்கலாம். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த அமைதி ஒன்றுதான்.

பெட்டி துரைமார் காலத்து இன்டர்கொம். போன் டவர் பிடிக்காத தோட்டமானதால் கடைசிவரை அதைத்தான் வைத்திருந்தார்கள். கரண்ட் இந்த முனைக்கு மட்டும் போதும். அந்த முனையில் இருப்பது வெறும் ஸ்பீக்கர். அதுவே பேசும், அதுவே கேட்கும். பிள்ளை பாலுக்கு அழுதால் கருப்பம்மா ஆயா அதில் கூப்பிடுவாள். இன்னார் பிள்ளை அழுகிறது, வரச் சொல்லுங்கள் என்பாள். ஆபீசிலிருந்து ஆள் மலைக்கு ஓடும். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தாய் ஓடி வருவாள்.

அவன் வேலையைத் தொடங்கினான். நெடுநாள் கிடந்த பெட்டியை எடுத்தவுடன் கரண்டில் குத்துகிறவன் ஒன்று முட்டாள், இல்லையென்றால் கடைக்கு நெருப்பு வைக்கிறவன். மூடியைக் கழற்றி எலிக்கூட்டை அள்ளினான். பிரஷ்ஷால் தூசி தட்டினான். உப்பிப்போயிருந்த கெப்பாசிட்டர்களை வெட்டி எடுத்துவிட்டு, கொண்டுவந்த புதியவற்றைப் பற்றவைத்தான். பியூஸ் மாற்றினான். கடைசியாக, கூரைப் பல்பிலிருந்து இழுத்த கரண்டை நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்தான். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், பெட்டி தப்பும். எரிந்து மங்கினால் எல்லாம் நலம்.

சுவிட்சைப் போட்டான். பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கியது. பெட்டிக்குள் கண்ணாடி வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாயின. சூடேறிய தூசியின் வாடையும் எலி மூத்திரத்தின் வாடையும் எழுந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, பச்சை மண்ணை ஆழத்தில் வெட்டினால் வருகிற வாடை, எங்கிருந்தோ வந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது, மழை பெய்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். பிள்ளைக் காம்பரா என்று எழுதியிருந்த சுவிட்ச் சாவியைக் கீழே தள்ளினான்.

ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் வந்தது, பிறகு அடங்கியது. அவன் காதை வலைத்துணியோடு ஒட்டி வைத்துக் கேட்டான். தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் தன் மூச்சும் கேட்டன. பெட்டியில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. "போயிட்டியா, தங்கம்," என்றான். நெஞ்சில் வருஷக்கணக்காக ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான். வலியும் நிம்மதியுமாக அழுதான்.

தலையை நிமிர்த்தியபோது பல்பு பிரகாசமாகி இருந்தது. பிறகு மங்கியது. மறுபடி பிரகாசமானது. அவன் எதையும் தொடவில்லை. சத்தம் கூடினால் பெட்டி கரண்டை இழுக்கும், பல்பு ஏறும். ஆனால் சத்தம் எங்கே? பல்பு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. நெஞ்சு மூச்சு வாங்குகிற கணக்கில்.

அப்புறம் கேட்டது.

தட், தட், தட். மெதுவாக. ஒரு குழந்தையின் முதுகில் உள்ளங்கை படுகிற சத்தம்.

"ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்..."

பிறகு அழுகை. சின்ன அழுகை. அழுது அழுது தொண்டை கட்டிப்போன பிள்ளையின் அழுகை. ஆயிரம் பிள்ளைகள் அழுதாலும் அந்த ஒன்றை அவனுக்குத் தெரியும். அழுகையின் நடுவில் ஒரு விக்கல் விழும். விழுந்தது.

"ஆபீசுங்களா?" கருப்பம்மா ஆயாவின் குரல். வாயில் மண்ணை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. "பாக்கியலெட்சுமி புள்ள அழுவுதுங்க. பால் குடுக்க வரச் சொல்லுங்க. நானும் எத்தன காலமா சொல்லிக்கிட்டே இருக்கேன். யாரும் கேக்க மாட்டேங்கிறீங்களே."

அவன் பிளக்கைப் பிடுங்கினான். கோத்த பல்பு அணைந்தது, கூரைப் பல்பு மட்டும் எரிந்தது. வால்வுகளின் செம்மஞ்சள் சிவப்பாகி, கறுப்பானது. கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்கும். நாலு மூச்சு விடுகிற நேரம் ஓடும். அவ்வளவுதான். காத்திருந்தான்.

அழுகை நிற்கவில்லை.

ஸ்குரூடிரைவரைக் கெப்பாசிட்டரின் கால்களுக்குக் குறுக்கே வைத்தான். பொறி பறக்கவில்லை. பெட்டியில் துளி கரண்ட் இல்லை.

"வரச் சொல்லுங்க."

வயரைப் பிடுங்கினால் நின்றுவிடும். கை வயர்வரை போனது. அதற்குமேல் போகவில்லை. எப்படிப் போகும்? அழுகிறது அவன் பிள்ளை. அந்த இருட்டில் இத்தனை வருஷமாக அழுதுகொண்டு கிடந்திருக்கிறது, இவன் பதுளையில் சோறு தின்று தூங்கியிருக்கிறான். ஐயோ, என் கண்ணே.

வாசலில் நிழல் விழுந்தது.

பாக்கியலெட்சுமி நின்றுகொண்டிருந்தாள். இருட்டிவிட்டதே என்று தம்பையா வீட்டிலிருந்து அவனைக் கூப்பிட வந்திருப்பாள். தலைக்குமேல் குடை இருந்தது. தலைமுடி நனையவில்லை. தோள் நனையவில்லை. சேலைச் சட்டையின் முன்பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்து ஒட்டியிருந்தது.

"பாக்கியம், இங்க வராத. வெளிய போ."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்தாள். சேலை ஓரத்திலிருந்து ஒரு சொட்டு சிமெந்துத் தரையில் விழுந்தது. இன்னொன்று. மழைத்தண்ணீர் இல்லை. வெள்ளையாக இருந்தது. மண்சரிவுக்குப் பிறகு முகாமில் அவளுக்குப் பால் வற்றாமல் போனதால், மல்லிகைப்பூவை வைத்து மார்பைக் கட்டி வற்றவைத்தார்கள். கட்டியது இவன். அவள் கத்தக் கத்த இறுக்கிக் கட்டினான்.

"என்னங்க," என்றாள். ஏழு வருஷமாக அவன் கேட்காத குரல். சந்தோஷமான குரல். "வாரேன்னு சொல்லுங்க."

"பாக்கியம்!"

அவள் திரும்பினாள். குடையை நழுவ விட்டாள். சட்டைக் கொக்கிகளை அவிழ்த்தபடியே படியிறங்கிப் பனிக்குள் ஓடினாள். மேசையைத் தள்ளிவிட்டு அவனும் ஓடினான். தேயிலைச் செடி காலைக் கிழித்தது. விழுந்தான். எழுந்தான். கூப்பிட்டான். சரிவின் விளிம்பில் புல் மூடிய மண் தட்டையாகக் கிடந்தது. ஓர் ஆள் இல்லை. ஒரு குழி இல்லை. வெறுங்காலின் அடிகள் மட்டும் ஈர மண்ணில் கொஞ்ச தூரம் போயின. நடுவில் நின்றன. கடைசி அடி கணுக்கால் ஆழத்துக்குப் பதிந்திருந்தது.

கையால் தோண்டினான். நகம் பிய்ந்தது. தோண்டினான். தம்பையா மச்சானின் பெயரைச் சொல்லி மலை அதிரக் கத்தினான்.

அப்போதுதான் மேலே ஆபீசில் அழுகை நின்றது. சட்டென்று. வாயில் எதையோ கொடுத்ததுபோல.

மழையும் விட்டிருந்தது. கரண்ட் இல்லாத அந்தப் பெட்டியிலிருந்து, திறந்த ஜன்னல் வழியாக, சரிவு முழுவதும் கேட்டது. மடக். மடக். பசித்த பிள்ளை பால் விழுங்கும் சத்தம். நடுவில் ஒரு விக்கல். முதுகில் தட்டும் கை.

"மெதுவா குடி, தங்கம்," என்றாள் கருப்பம்மா ஆயா. "மெதுவா. ஒங்கம்மா இனி எங்கயும் போவ மாட்டா."