பள்ளத்து வயலின் கல்தூண்

அன்று காலையும் சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருந்தது. கொழுந்தன் அதைப் பார்க்காதவன் போலச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். தாயில்லாமல் ஆறு வயதில் அவள் கைக்கு வந்த பிள்ளை. அண்ணி ஊட்டாவிட்டால் வாயையே திறக்காதவன். இப்போது மூன்று மாதமாக அவள் கை பட்ட எதுவும் அவனுக்கு ஆகவில்லை. அவள் டப்பாவைத் திறந்து, தானே தின்று தீர்த்தாள். வேறென்ன செய்ய?

எல்லாம் பண்ணையால் வந்த வினை. அவளுக்கும் கொழுந்தனுக்கும் பொதுவான, நூற்றைம்பது வருஷத்துப் பண்ணை அது. அதில் வீடுகள் கட்ட ஒரு கம்பெனி வந்தது. மேட்டில் இருக்கும் பழைய கல் களஞ்சியத்தைத் தொடக் கூடாது என்று ஊரில் ஒரு கட்சி; குடியிருக்க வீடில்லாமல் தவிக்கிறோம் என்று இன்னொரு கட்சி. கம்பெனி நைசாக ஒரு வழி கண்டுபிடித்தது. களஞ்சியம் மேட்டில் அப்படியே நிற்கட்டும், கீழே பள்ளத்து வயலில் நாற்பது வீடு, அதில் ஒன்று கொழுந்தனுக்கு. இரண்டு கட்சியும் தலையாட்டின. அண்ணி மட்டும், "பள்ளத்துல வேண்டாம் தம்பி" என்றாள்.

ஏன் என்று கேட்க அவனுக்குப் பொறுமையில்லை. அவள் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் பெண்டாட்டியோடும் இரண்டு பிள்ளைகளோடும் கிடப்பவன்.

"மேட்டுல உங்களுக்கு மூணு ரூம் இருக்கு. எங்களுக்குன்னு ஒண்ணு வந்தா மட்டும் வயிறு எரியுதா அண்ணி?"

அன்றிலிருந்துதான் அவன் டப்பாவைத் தொடுவதில்லை. அந்த மூன்று அறைகளும் அவள் புருஷன் சாவதற்கு முன் தன் கையால் கட்டிக் கொடுத்தவை.

கொழுந்தனின் மனைவியான ஓரகத்திக்கு வேறொரு சந்தேகம். ஒவ்வொரு மழைக்காலமும் அக்கா ஓர் ஆணியை எடுத்துக்கொண்டு பள்ளத்து வாசலில் இருக்கும் கல்தூணுக்குப் போகிறாள், எதையோ கீறிவிட்டு வருகிறாள். நாம் எப்போது கிளம்புவோம் என்று வருஷத்தை எண்ணுகிறாளோ? ஊர்க் காய்கறிக்காரரோ தூணடியில் புதையல்தான் என்று சத்தியம் செய்தார்.

வீடு கட்டுவதைப் பற்றிய ஊர்க்கூட்டம் அந்தக் களஞ்சியத்திலேயே நடந்தது. கம்பெனி இன்ஜினியர் வரைபடத்தை விரித்து ஒவ்வொரு வீடாகக் காட்டினார். கடைசி வரிசையிலிருந்து அண்ணி எழுந்ததும் கொழுந்தனின் முகம் சுருங்கியது.

"நீங்க எந்த மாசம் வந்து அளந்தீங்க?" என்று கேட்டாள்.

"கோடையிலம்மா."

"அப்ப பள்ளத்துத் தூணை ஒரு எட்டு வந்து பாத்துடுங்க."

புதையலைப் பார்க்கும் ஆசையில் காய்கறிக்காரர் முதல் ஆளாகக் கிளம்பினார். கட்சி வேறுபாடில்லாமல் ஊரே பின்னால் இறங்கியது. தூணில் இருபத்துமூன்று கீறல்கள். அவள் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, வெள்ளம் ஏறி நின்ற இடத்துக்கு வருஷத்துக்கு ஒன்று. முழங்காலுக்குக் கீழே ஒரு கீறலும் இல்லை. மழைக்கு அங்கே தண்ணீர் நிற்பது ஊருக்குத் தெரியும்; எவ்வளவு என்று அவளைத் தவிர யாரும் அளந்ததில்லை. இன்ஜினியர் டேப்பை வைத்து அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், மெல்ல அதைச் சுருட்டினார்.

"அப்ப வீடே வேண்டாங்கறீங்களா?" என்று யாரோ கோபமாகக் கேட்டார்கள்.

"யாரு சொன்னா? மேட்டுல கட்டுங்க. களஞ்சியத்துக்குப் பின்னாடி தோட்டம் இருக்கு, என்னோட மூணு ரூம் இருக்கு. இடிச்சுக்குங்க. நாப்பது வராது, இருபது வரும். நனையாம இருக்கும்."

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை, தூணையே பார்த்தான். மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணியின் மார்பு உயரத்தில், ஒரு கீறல் தனியாக இருந்தது.

"இது எந்த வருஷம் அண்ணி?"

அவள் அதை விரலால் தடவினாள்.

"உனக்கு ஏழு வயசு. ஜுரம் கொதிச்சுது. உங்க அண்ணன் வெளியூர்ல. டாக்டர்கிட்ட போக இது ஒண்ணுதான் வழி... நீ என் தோள்ல உக்காந்திருந்த. உன் காலு மட்டுந்தான் நனைஞ்சுது."

அந்த வாரமே கலைந்துபோன தன் பிள்ளையைப் பற்றி அவள் அப்போதும் சொல்லவில்லை. பிறகு அவளுக்குப் பிள்ளையே தங்கவில்லை என்பது ஊருக்குத் தெரியும். எதனால் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

"ஏன் அண்ணி என்கிட்ட சொல்லல...?"

"நீ கேக்கலையே தம்பி."

அத்தனை பேர் முன்னால் அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். முப்பது வயதை எட்டும் ஆண்பிள்ளை! ஊர்க்காரர்கள் மரியாதையாக வயலின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வரைபடத்தை மாற்றி வரைய ஒரு மாதம் ஆகும் என்றார் இன்ஜினியர். முதல் வீட்டில் அண்ணிக்கு வெயில் வரும் அறையாக ஒன்று வேண்டும் என்று கொழுந்தன் அங்கேயே எழுதி வாங்கினான். ஓரகத்தி அன்று சாயங்காலமே தன் அலமாரியில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து, "வீடு முடியற வரைக்கும் உங்க சாமான் இங்க இருக்கட்டும்கா" என்றாள்.

மறுநாள் காலை அண்ணி அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். மூன்று மாதப் பழக்கம். எப்படியும் தானே தின்னப்போகிறோம் என்று கட்டிய ஒரு டப்பாவை மேசையில் வைக்கக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்தான்.

"என் டப்பா எங்க அண்ணி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்னுடையதை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.