பத்தடி முன்னால்

கல்பாக்கம் டவுன்ஷிப்வாசிகள் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், சீனியர் ஆபீசர் நரசிம்மன் அவர்கள், தர்மபத்தினி ராஜம் சமேதராக, 1998ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூர்த் தீவுக்கு ஐந்து நாள் திக்விஜயம் மேற்கொண்டு, அந்நாட்டின் குறைநிறைகளை அந்நாட்டிலேயே உரக்க எடுத்துச் சொல்லிவிட்டு, சுகமே திரும்பினார்.

திரும்பியதிலிருந்து அவர் பேசவில்லை.

ராஜத்துக்கு அது முதலில் ஒரு குறையாகவே படவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அவர் பத்தடி முன்னால் நடப்பார், பேசிக்கொண்டே. அவள் பின்னால், கேட்டுக்கொண்டே. முகத்தைவிட முதுகுதான் அவளுக்குப் பழக்கம். சிங்கப்பூரிலும் அப்படித்தான். ஞாயிறு சாயங்காலம் சிராங்கூன் சாலையில், லீவு நாள் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடி நிற்க, மல்லிகையும் மீன்குழம்பும் மழையில் நனைந்த சிமெண்டும் ஒன்றாக மணக்க, கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு அலற, அவள் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு அந்த நீலக்கோடு போட்ட சட்டையை மட்டும் பார்த்தபடி போனாள்.

“இந்த ஊர்ல மழை ஜலம் எங்கே போறது தெரியுமோ, ராஜம்?” என்று அவர் ஆரம்பித்தார். குறுக்கே ஒரு கூட்டம் புகுந்தது. சட்டை மறைந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு இன்றுவரை நாக்கு எழுந்ததில்லை.

“ஏன்னா! செத்த நில்லுங்கோ!”

கூட்டம் விலகியபோது, பத்தடி முன்னால் நீலக்கோடு நின்றுகொண்டிருந்தது. அவள் நகர்ந்ததும் அதுவும் நடந்தது. ஜலம் எங்கே போகிறது என்று மட்டும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

செங்கல்பட்டிலிருந்து இவர்களைக் கூட்டிவந்த டூர் கைடு ஜெசிந்தா பஸ்ஸில் தலைகளை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது.

“இன்னா மாமி, சார் சைலன்ட்டா கீறாரு? பேட்டரி பூட்ச்சா?”

“கண்ணு போடாதேடி. இன்னிக்குத்தான் காது குளிர்ந்திருக்கு.”

விமானத்தில் அவர் ஜன்னலோரம், மேகத்தைப் பார்த்தபடி. மீனம்பாக்கத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்து முத்திரை குத்தினார். நிமிர்ந்து பார்ப்பது அதிகாரிகளின் வழக்கமில்லை.

வீட்டிலும் அப்படியே. தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், வெளியே பார்த்து உட்காருவார். தட்டு காலியாகத் திரும்பும். ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். ஆபீசில் பேரும் புகழும். “சார் இப்பல்லாம் மீட்டிங்ல வாயே திறக்கறதில்லை மாமி. அரை மணியில முடிஞ்சுடறது. என்ன வைத்தியம் பண்ணேள்?” என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராகவன் கண் கலங்காத குறையாகக் கேட்டார்.

இரண்டாவது வாரம்தான் உறைத்தது. இருமல் இல்லை. குறட்டை இல்லை. ஷேவிங் பிரஷ் காய்ந்து கிடந்தது. விளக்கணைத்துப் படுத்தால், ஃபேனின் கடகடப்புக்கு அடியில் கேட்கவேண்டிய மூச்சு கேட்கவில்லை. காப்பியோடு முன்பக்கம் போகப் பார்த்தால் எழுந்து நடந்தார். அவள் வேகமாகப் போனால் அவரும் வேகமாக. நின்றால் நின்றார்.

பத்தடி.

பாத்திரம் தேய்க்க வரும் காசியம்மாளைக் கேட்டாள். “அய்யாவை இன்னிக்குப் பாத்தியா?”

“பாத்தேம்மா. பால் பூத்தாண்ட போய்கினு இருந்தாரு.”

“மூஞ்சி எப்படி இருந்தது?”

காசியம்மாள் சோப்புக் கையோடு யோசித்தாள்.

“மூஞ்சிய நான் எங்கம்மா பாத்தேன்? எப்ப பாத்தாலும் எனக்கு முன்னாடில்ல போய்கினு கீறாரு.”

சொல்லிவிட்டு அவளே ஒரு மாதிரி ஆனாள். பாதிப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே கண் கூசும் வெயில். அவர் ஹாலில், ஈஸிசேரில், சுவரைப் பார்த்து. டெலிபோன் அடித்தது.

“ராஜம்! எங்கே நிக்கறே நீ?”

அதே குரல். அதே அதிகாரம். பின்னால் பாட்டுச் சத்தம்.

“தொலைஞ்சா நின்ன இடத்துலயே நிக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! நான் நிக்கறேன். ‘ஏன்னா’ன்னு நீ கூப்பிட்டது கேட்டுது. நான் திரும்பறதுக்குள்ள வேற யாரோ நின்னுட்டான். இப்போ இங்கே ஒருத்தருமே இல்லே, ராஜம். கடையெல்லாம் திறந்திருக்கு. பாட்டுப் பாடறது. ஆள் இல்லே. பொழுதும் சாயலே.” குரல் இறங்கியது, இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. “என் பேரைச் சொல்லிக் கூப்பிடேன். ஒரே தடவை. நீ கூப்பிட்டா நான் வந்துடுவேன்.”

அவள் வாயைத் திறந்தாள்.

ஈஸிசேர் கிறீச்சிட்டது.

தலை திரும்பியது. மெல்ல.

காது வரவேண்டிய இடத்தில் முடி. கன்னத்தில் முடி. முழுக்கத் திரும்பி அவளுக்கு நேராக நின்றது. இந்தப் பக்கமும் பிடரி. படிய வாரிய பிடரி. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை.

வாய் இல்லை.

“ராங் நம்பர்” என்று சொல்லி ராஜம் போனை வைத்தாள்.