கொழகொழக்காத வெந்தயம்

காலை 10.20. ராயபுரம், துறைமுகத் தொழிலாளர் மருந்தகம். கெட்ட கொழுப்பு மூன்று மாதம் முன்பு 190. இன்றும் 190. ரிப்போர்ட்டைப் பார்த்து கிரேன் டிரைவர் நோயலின் முகம் செத்தது.

மாத்திரை போட்டால் தொடை வலித்தது, கிரேன் ஏணி ஏற முடியவில்லை. அதனால் டாக்டர் வெந்தயப் பொடி டப்பா கொடுத்துப் பார்த்தார். குறையாவிட்டால் கிரேனை விட்டு இறக்கிவிடுவார்கள்.

"எங்கப்பன் நாப்பத்திரண்டுல மாரப் புடிச்சுகினு போனாரு. எனக்கு நாப்பத்தொன்னு, சிஸ்டர்."

"நெசமா குடிச்சியா?" என்றாள் நர்ஸ் ரஹீமுன்னிசா.

"தெனம் மோர்ல கலக்கி, மூக்கப் புடிச்சுகினு ஒரே மடக்கு. கசப்பு தாங்காது."

அவன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் போட்டாள். அலமாரியில் இருந்த புது டப்பாவிலிருந்து ஒரு கரண்டி, இன்னொரு டம்ளரில்.

10.40. புதுப்பொடி ஊதிப் பெருத்துக் கரண்டியில் கோழையாகத் தொங்கியது. நோயலுடையது அடியில் மண்ணாகக் கிடந்தது. அதை நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தக் கொழகொழப்புதான் வேல செய்யறது. குடல்ல கொழுப்பப் புடிச்சு வெளிய தள்ளும். உன்னிது சோளமாவு. கசப்புக்கு வேப்பிலை. யாரோ மாத்தியிருக்காங்க. டப்பா எங்க வெப்பே?"

"லாக்கர்ல. சாவி பெருக்கற அங்கம்மாகிட்டயும் ஜோடி டிரைவர் பகலவன்கிட்டயும் கீது. நாலு மணி நேரம் அவன் ஓட்டுவான், நாலு மணி நேரம் நான். தங்கமான ஆளு. இன்னா, அவன் எறங்கினா கேபின் பூரா வெல்லப்பாகு வாசன. 'ஏ.சி.ல பாகு காச்சறியா மாமு'ன்னு கிண்டலடிப்பேன்."

மதியம் 12.30. டிரைவர்கள் ஓய்வறை. பி.பி. மிஷினோடு போனாள் ரஹீமுன்னிசா, கூடவே நோயலும்.

அங்கம்மா கையை நீட்டினாள். "எனக்கு இன்னாத்துக்குமா கொழுப்பு? உடம்புல எலும்புதான் கீது." அவளிடம் பினாயில் நெடி மட்டும்.

பகலவன் கிரேன் ஏணி இறங்கி வேர்த்து வழிய வந்தான். அவன் கையில் பட்டை சுற்றிக் குனிந்தவள் நிமிரவில்லை.

"எத்தினி நாளா குடிக்கறே?"

"இன்னாத்த?"

"வெந்தயம் வயித்தோட நிக்காது. ரத்தத்துல கலந்து வேர்வையில பாகு வாசனையா வரும். மூணு மாசம் குடிச்சவன் நோயலு. வாசன உங்கிட்ட."

பகலவன் பெஞ்சில் உட்கார்ந்தான். மெல்ல செல்போனை எடுத்து இரண்டு ரிப்போர்ட் காட்டினான். 210. பிறகு 178.

"எனக்கும் கொழுப்பு. சொன்னா என்னயும் எறக்கிடுவாங்கன்னு வெளிய டெஸ்ட் எடுத்தேன்."

"அடப்பாவி! கடையில வெந்தயம் இல்லயா?" என்றான் நோயல்.

"வெறும் வெந்தயத்துக்கு டாக்டரு ஏன் டப்பா குடுக்கறாரு? உள்ள இன்னாமோ ஃபாரின் மருந்து கீதுன்னு நெனச்சேன்."

"ஒன்னும் இல்ல. நாங்க மளிகைக் கடையில வாங்கி அரைக்கறோம்," என்றாள் ரஹீமுன்னிசா.

முப்பது டன் கண்டெய்னரைத் தூக்கும் இருவரும் அந்த 178-ஐயே பார்த்தார்கள். ரசத்துக்குத் தாளிக்கிற விதை, ஒரு மனுசன் ரத்தத்துக்குள் போய், தோல் வழியாக வந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

"அப்ப அது எனக்குள்ள போவவேயில்ல," என்றான் நோயல். "நான் இன்னும் தோக்கல."

"இல்ல. இன்னிக்கிதான் மொத நாளு. டாக்டர்கிட்ட நான் பேசறேன்," என்றாள் ரஹீமுன்னிசா. "பகலவா, நீயும் வரணும்."

பகலவன் தலையைத் தூக்கவில்லை. நோயல் அவன் முன்னால் கையை நீட்டினான்.

"சாவியக் குடு. நாளைக்கி உனக்கு ஒரு டப்பா நானே கொண்டாறேன்."