முகர்வானுக்குத் தெரிந்த பாடம்

காலை முதல் மணி அடித்ததும் இளங்கலை வேதியியல் மாணவர்கள் வரிசையாகக் கண்ணாடி அறைக்குள் நுழைந்து, முகர்வானின் தகட்டில் பெருவிரலை வைத்து எடுத்து, மறுவாசல் வழியாக வெளியேறினார்கள்.

"நகருங்க, நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று துறைத்தலைவர் முனைவர் தெய்வசிகாமணி வாசலில் நின்று முடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே வருகிறவர்களுக்குத் தொன்னையில் சுண்டல் கொடுக்காததுதான் குறை.

முகர்வான் பார்வைக்கு டிபன் கேரியர் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி. நாயின் மூக்கிலிருந்து உயிரணுக்களை எடுத்து வளர்த்த உயிர்த்தகடு ஒன்று அதன் தலையில் இருந்தது. ஒரு சிட்டிகைப் பொடியோ ஒரு துளி நீரோ வைத்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும். முன்பு அறை அறையாக அடைத்துக்கொண்டிருந்த கருவிகளின் வேலையை இந்த ஒரு பெட்டி பார்த்தது. பட்டப்படிப்புப் பிள்ளைகளின் கைக்கும் எட்டட்டும் என்று அரசே கல்லூரிக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தது. தகட்டில் மாணவர் கை படுவதை அது எண்ணிக்கொள்ளும். அதிகம் கை பட்ட கல்லூரிக்குத் தங்கத் தரம்.

தங்கத் தரம் வந்தால் தெய்வசிகாமணிதான் அடுத்த முதல்வர் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. முதல்வர் அறைத் திரைச்சீலைக்கு அவர் மனதுக்குள் நிறம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

பிள்ளைகளிடம் கொடுத்தால் அமிலத்தைக் கொட்டிவிடுவார்கள். கொடுக்காவிட்டால் எண்ணிக்கை ஏறாது. தலையை உடைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்ததுதான் இந்தப் பெருவிரல் தரிசனம். கை படவேண்டும் என்றுதானே விதி. பொருளையும் சேர்த்து வைக்கவேண்டும் என்று யாரும் எழுதவில்லையே. வரிசை தொடங்கும் முன் தினமும் தன் விரலை வைத்துப் பெட்டி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வார். அது பேசும் குரலை மட்டும் அணைத்துவைத்திருந்தார். சத்தம் எதற்கு?

"சார், ஒரே ஒருக்கா இந்தத் தண்ணியை வெச்சுப் பாத்துக்கறனுங்க" என்றாள் மூன்றாமாண்டு நித்திலா. "ஹாஸ்டல் தண்ணி ஒரே கரிப்பா கரிக்குதுங்க."

"கரிச்சா உப்பு. அதுக்கு இத்தனை பெரிய மிஷினு வேணுமா கண்ணு? பழைய லேப்புல பியூரெட் சும்மாதான கெடக்குது?"

"அப்ப இது எதுக்குங்க சார்?"

"இது இன்ஸ்பெக்‌ஷனுக்கு."

அந்த நாளும் வந்தது. முகர்வானுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆய்வுக்குழுத் தலைவர் முனைவர் பிரமீளா, இரண்டு உறுப்பினர்கள் பின்தொடர, எண்ணிக்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நாட்டிலேயே அதிகம் தொட்ட முகர்வான் இதுதான் சார்."

"பிள்ளைங்க கைதானுங்க மேடம் எங்க சொத்து" என்று தெய்வசிகாமணி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

பிரமீளா குரலை இயக்கினார். கைப்பையிலிருந்து ஒரு பொடிக் குப்பியை எடுத்து, பக்கத்தில் நின்ற நித்திலாவிடம் நீட்டினார். "நீயே வச்சுக் காட்டும்மா."

நித்திலா தகட்டில் பொடியைத் தூவினாள். தகடு லேசாகச் சிலிர்த்தது.

"பெருவிரல் இல்லை. மீண்டும் வைக்கவும்" என்றது முகர்வான்.

"என்ன சார் சொல்லுது?"

"பொடி கொஞ்சம் ஈரமா இருக்கோணுங்க மேடம்."

ஈரமாக்கி வைத்தார்கள். "பெருவிரல் இல்லை."

உயிர்த்தகடு, தனக்குக் கொடுப்பதைத்தான் கற்கும். முதல் ஆண்டில் எல்லா வேதிப்பொருளையும் முகரக் கொடுத்துப் பழக்கவேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக இருந்தது. முகர்வான் அறிந்த உலகில் பெருவிரலும் அதில் ஒட்டியிருப்பதும் தவிர வேறு பொருளே கிடையாது.

முதல்வர் நாற்காலி நழுவிக்கொண்டிருந்தது. எதையாவது ஒன்றைச் சொல்லவைத்தால் போதும் என்று தெய்வசிகாமணி தன் விரலையே தகட்டில் அழுத்தினார்.

"உளுந்து வடை. நேற்றைய தலைச்சாயம். பயம். ஆய்வகப் பொருள் எதுவும் இல்லை, வழக்கம்போல."

பிரமீளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜோசியம் மாதிரி இருக்கே" என்று தன் விரலையும் வைத்தார்.

"வெண்பொங்கல். நெய் தாராளம். தோலின் அடிவரை ஆய்வகப் பொருள் எதுவும் இல்லை."

சிரிப்பு நின்றது. உறுப்பினர்கள் இருவரும் கைகளைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

தகட்டில் ஒட்டிய பொடியைத் துடைக்கப்போன நித்திலாவின் விரல் பட்டது. "சில்வர் நைட்ரேட். பொட்டாசியம் குரோமேட். நேற்று மாலை."

"இது யார் கை?"

"என்ற கைதானுங்க மேடம்." விரல் நுனி கருத்திருந்தது. "தண்ணில குளோரைடு எவ்வளவுன்னு பியூரெட்டுல பாத்தனுங்க."

"எவ்வளவு இருந்துச்சு?"

"குடிக்கற அளவுக்கு மேலதானுங்க."

அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. வேறொரு யோசனை பிரமீளாவுக்கு வந்திருந்தது.

தங்கத் தரம் கிடைத்தது. 'ஆசிரியர்களின் ஆய்வக ஈடுபாட்டை அளக்கும் முன்னோடி முறை' என்று அறிக்கை பாராட்டியது. அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது: எல்லாக் கல்லூரிகளிலும் முகர்வான்களைப் பெருவிரலுக்கே பழக்கி, ஆய்வகத்திலிருந்து ஆசிரியர் அறைக்கு மாற்றவேண்டும், வேதியியல் ஆசிரியர் ஒவ்வொருவரும் காலையில் விரல் வைக்கவேண்டும், ஆய்வகப் பொருளின் வாசமில்லாத விரலுக்கு ஊதிய உயர்வு இல்லை. குழு உறுப்பினர்களுக்கு இது பொருந்தாது.

ஆசிரியர் அறை வாசலில் ஒரு கிண்ணத்தில் சில்வர் நைட்ரேட் கரைசல் வந்து உட்கார்ந்தது. முக்கு, வை, நகரு. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி எல்லார் விரலும் கருத்தது. துறையின் ஈடுபாடு நூற்றுக்கு நூறு.

செய்முறை வகுப்பில் நித்திலா சில்வர் நைட்ரேட் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட வரவில்லை. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த புதிய முதல்வரிடம் காட்டினாள்.

தெய்வசிகாமணி கருத்த விரலால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார்:

"முன்ன மாதிரியா கண்ணு? இப்ப நம்ம காலேஜுல ஸ்டாஃப் அத்தனை பேரும் ப்ராக்டிகல் பண்றாங்க. உங்களுக்குக் கொஞ்சம் பத்தாமத்தான் போகும்."